எண்ணிக்கையும் எண்ணமும்

கும்மிடிப்பூண்டி ஆலை வாயில்களில் தேர்தல் முடிவுகளை அலசிடும் தோழர்களே, 1962ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள்!

திராவிட நாடு கோரிய தி.மு.கழகம், சென்னை மாநிலச் சட்டமன்றத்தின் 206 இடங்களில் 50 இடங்களை வென்றது. 1957இல் பெற்றவையோ 15. பிரிவினைக்கு ஆதரவு பெருகிற்று என்று கழகத்தார் கொள்ள இடமிருந்தது. 139 இடங்களைப் பெற்ற காங்கிரசார், மக்கள் அதனை மறுத்தனர் என்று கொள்ளவும் இடமிருந்தது.

இரண்டுமே அரைகுறைக் கணக்கு! கழகம் பெற்றது நூற்றுக்கு 27 வாக்குகள். அவற்றுள் விலைவாசி கண்டு வெகுண்டோர் எத்துணைப் பேர்? இந்தித் திணிப்பை எதிர்த்தோர் எத்துணைப் பேர்? தென்னகத்தில் போதிய ஆலைகள் இல்லையே என ஏங்கினோர் எத்துணைப் பேர்? பிரிந்தே தீரவேண்டும் என்றோர் எத்துணைப் பேர்? வாக்குச் சீட்டு அதனைச் சொல்லவில்லை.

1963இல் பிரிவினைத் தடைச் சட்டம் வந்தது. கழகம் கோரிக்கையைக் கைவிட்டது. ஆதரவு கரைந்ததா? இல்லை! 1967இல் ஆட்சியே கைக்கு வந்தது. அரிசியும் மொழியும் அழைத்துவந்த வெற்றி அது.

கடல் கடந்தும் காணலாம். ஸ்காட்லாந்தில் 2014ஆம் ஆண்டுப் பொது வாக்கெடுப்பில், நூற்றுக்கு 55 பேர் பிரிட்டனுடன் இருப்போம் என்றனர். மறு ஆண்டே, பிரிவினை கோரும் கட்சிக்கு அங்கு அப்போதிருந்த 59 தொகுதிகளில் 56ஐ வழங்கினர்!

பொது வாக்கெடுப்பு ஒரு கேள்வி கேட்கிறது. தேர்தலோ ஒரே வாக்கில் ஓராயிரம் குறைகளைக் கொட்டச் சொல்கிறது. ஆகவே, வெற்றித் துண்டறிக்கை அச்சிடுமுன், ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியிடம் கேளுங்கள்: எதற்காக வாக்களித்தீர்?

எண்ணிக்கையைத் தேர்தல் அதிகாரி அறிவிப்பார். எண்ணத்தை மக்களிடம் சென்றுதான் அறிந்திட வேண்டும்!