கையெழுத்துப் போட்டுக் காசு வாங்கினால் குற்றமா?

ஒரு கல்லூரி மாணவர் விளையாட்டுப் பொருள்களில் தன் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கினார். திருட்டு இல்லை, மோசடி இல்லை. போட்டது தன்னுடைய சொந்தக் கையெழுத்து. ஆனாலும் 4 ஆட்டங்களுக்கு அவரை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள்!

நடந்தது அமெரிக்காவில், 2014–ம் ஆண்டு. மாணவர் பெயர் டாட் கர்லி. ஜார்ஜியா பல்கலைக்கழக வீரர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் சூரர். இரண்டு ஆண்டுகளில் 3 ஆயிரம் டாலருக்கு மேல் வாங்கினார் என்பது புகார். அது உண்மை என்று முடிவும் ஆச்சு.

போலீஸ் இல்லை, கோர்ட் இல்லை

கர்லியைப் போலீஸ் பிடிக்கவில்லை. எந்த நீதிபதியும் விசாரிக்கவில்லை. அவர் மீறியது நாட்டின் சட்டத்தை அல்ல. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் விதியை.

மாணவன் தன் புகழை விற்றுக் காசு பார்க்கக் கூடாது என்பது அந்தக் காலத்து விதி. மீறினால் ஆட்டம் போச்சு. கர்லி 40 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும், பணத்தில் ஒரு பகுதியைத் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும் உத்தரவு.

தண்டனை முடிந்து நவம்பரில் திரும்பி வந்தார். வந்த முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் அறுந்தது! நல்லவேளை, 2015–ல் தொழில்முறை அணி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. எடுக்காமல் போயிருந்தால்? கையில் மிஞ்சியிருப்பது அந்தச் சில ஆயிரம் டாலர்தான். அதிலும் பங்கு போச்சு.

சங்கத்தின் கடையில் வியாபாரம்

இதற்கு முந்தின வருஷம், 2013–ல், டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழக வீரர் ஜானி மான்சீல் மீதும் இதே புகார். பணம் வாங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருந்தாலும் தன் கையெழுத்து வியாபாரமாவதைத் தடுக்கவில்லை என்று சொல்லி அரை ஆட்டம் தடை.

விசாரணை நடந்த அதே ஆகஸ்டில் ஒரு குட்டு வெளிப்பட்டது. சங்கத்தின் சொந்த இணையக் கடையில் மான்சீல் பெயரைத் தட்டினால் அவருடைய அணிச் சட்டை விலையோடு வந்து நின்றது! விஷயம் அம்பலமானதும் விற்பனையை நிறுத்தினார்கள். பையன் விற்றால் குற்றம், சங்கம் விற்றால் வியாபாரம்!

கொடுத்தவனுக்கு ஜெயில்

கர்லி விவகாரத்துக்குப் பிறகு, 2015–ல் ஜார்ஜியா மாநிலம் தனிச் சட்டமே கொண்டு வந்தது. விளையாடும் தகுதி பறிபோகும்படி மாணவனுக்கு ஆசை காட்டிக் காசு கொடுத்தால், கொடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை. தரகர்களுக்கு வைத்த பொறி அது.

தலைகீழ் மாற்றம்

2021 ஜூனில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட், வேறொரு வழக்கில் 9 நீதிபதிகளும் ஒருமித்துச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். கல்வி சம்பந்தமான சலுகைகளுக்குச் சங்கம் உச்சவரம்பு வைத்தது செல்லாது என்றார்கள். பல மாநிலங்களும் மாணவர் பக்கம் சட்டம் போட்டன. 2021 ஜூலை 1 முதல் சங்கம் வழிவிட்டது. கையெழுத்துக்குக் காசு வாங்கலாம்! விதி போனதும் ஜார்ஜியா சட்டத்தின் பல்லும் இந்த விஷயத்தில் விழுந்தது.

2025 ஜூனில் கோர்ட் ஏற்ற சமரசத்தின்படி, பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் நஷ்ட ஈடு.

ஆனால் சும்மா விட்டுவிடவில்லை. 600 டாலரும் அதற்கு மேலும் உள்ள ஒப்பந்தங்களைப் பதிவு செய்ய வேண்டும். வரி கட்ட வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு இன்னும் கண்டம்தான். மாணவர் விசாவில் வந்தவர் அனுமதியில்லாமல் சம்பாதிக்கக் கூடாது. காசுக்குக் கையெழுத்துப் போடுவதும் வேலைதான் என்று அதிகாரிகள் முடிவு கட்டினால் விசாவுக்கே ஆபத்து.

2014–ல் கர்லி செய்ததை இன்று ஒரு மாணவர் பகிரங்கமாகச் செய்யலாம். செயல் அதேதான். விதிதான் மாறியிருக்கிறது. கர்லி உட்கார்ந்திருந்த அந்த 4 ஆட்டங்களை மட்டும் எந்தக் கோர்ட்டும் திருப்பித் தர முடியாது.