மூணு செகண்ட்ல படிச்சிடுவீங்களா?

இந்த வாரம் ஒரு சொதப்பல் கதையோட ஆரம்பிக்கிறேன்.

காலேஜ் கடைசி வருஷம். வெளியூர்ல ஒரு இன்டர்வியூ. நானும் ரூம்மேட்டும் ஒரே பைக்கில் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். நெடுஞ்சாலை ரெண்டாகப் பிரியும் இடம் வந்தது. போர்டும் இருந்தது, பெரிய போர்டுதான். ஆனா, அதில் ஏழெட்டு ஊர்ப் பேர், ரெண்டு மொழியில், திருவிழாக் கூட்டம் மாதிரி நெருக்கியடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எது முக்கியம், எது எந்தப் பக்கம்... ஒண்ணும் புரியலை.

"எந்தப் பக்கம்டா?"

"இருடா, படிச்சிட்டிருக்கேன்..."

அவன் சொல்லி முடிக்கிறதுக்குள்ள போர்டு எங்க முதுகுக்குப் பின்னால போயிடுச்சு. இருபது கிலோமீட்டர் தாண்டினப்புறம்தான் தப்பான ரோடுன்னு தெரிஞ்சது. இன்டர்வியூ என்னாச்சா? அதை விடுங்க பாஸ்!

அன்னிக்கு முழுக்க அவன் கண்ணைத் திட்டித் தீர்த்தேன். தப்பு அவன் கண்ணில் இல்லை, போர்டில்தான்னு புரிய ரொம்ப நாளாச்சு.

ஒரு சின்ன கணக்கு போடுங்க. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு செகண்டில் சுமார் 28 மீட்டர் ஓடுது. மூணு செகண்டில் சுமார் 83 மீட்டர். அதுக்குள்ள போர்டைப் பார்க்கணும், படிக்கணும், முடிவெடுக்கணும், கண்ணாடியில் பின்னால் பார்க்கணும். தப்பா முடிவெடுத்துட்டு கடைசி நொடியில் ஹேண்டில்பாரை ஒடிச்சா, போறது இன்டர்வியூ மட்டும் இல்லை!

"சரி, அப்போ ரோட்டு போர்டையெல்லாம் அழகா மாத்தணும்"னு சொல்லிப் பாருங்க. "ரோட்டுல போற அவசரத்துல அழகு ஒண்ணுதான் குறைச்சல்"னு நக்கலடிப்பாங்க. அவங்களுக்குப் பதில் சொல்ல ஒரு வாத்தியாரும் அவரோட ஸ்டூடன்ட்டும் இருக்காங்க. பிரிட்டன் வரைக்கும் போய் அவங்களைப் பார்த்துட்டு வரலாம், ஏறிக்கோங்க.

வகுப்பறையில் பிடிச்ச கூட்டணி

1950-களின் லண்டன். செல்சீ கலைக் கல்லூரிக்கு வந்து பாடம் எடுத்துட்டிருந்தார் ஜாக் கின்னியர். அங்கே படிச்சிட்டிருந்தவங்க மார்கரெட் கால்வெர்ட். 1936-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து பிரிட்டனுக்கு வந்த பொண்ணு. கேட்விக் விமான நிலையத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் டிசைன் பண்ற வேலை கின்னியருக்குக் கிடைச்சப்போ, உதவிக்கு மார்கரெட்டைக் கூப்பிட்டார். அடுத்து பி அண்ட் ஓ கப்பல் கம்பெனிக்கு லக்கேஜ் லேபிள்.

லேபிள்தானேன்னு அலட்சியமா நினைக்காதீங்க. அந்தக் கப்பல் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்த சர் காலின் ஆண்டர்சன்தான், 1957-ல் அரசு அமைச்ச மோட்டார்வே போர்டு குழுவுக்குத் தலைவரா வந்தார். வந்த கையோட கின்னியரைக் கூப்பிட்டார். லக்கேஜ் லேபிள் வரைஞ்சவங்க கைக்கு நாட்டின் முதல் மோட்டார்வேயே வந்துடுச்சு!

உட்கார்ந்த இடம்தான் முக்கியம்

ரெண்டு பேரும் முதலில் பென்சிலை எடுக்கலை. டிரைவர் சீட்டில் தங்களை உட்கார வெச்சுப் பார்த்தாங்க. 'வேகமா போகும்போது எனக்கு என்ன தெரியணும்?' இந்தக் கேள்வியில் இருந்துதான் எல்லாமே வந்தது.

முதல் விஷயம், எழுத்து. ஆங்கிலத்தில் ஊர்ப் பேர் முழுக்க கேப்பிட்டலில் எழுதினா, எல்லாப் பேரும் ஒரே செங்கல் மாதிரி தெரியும். முதல் எழுத்து மட்டும் பெரிசா, மத்ததெல்லாம் சின்ன எழுத்தா இருந்தா, மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு வால்னு ஒவ்வொரு பேருக்கும் தனி உருவம் கிடைக்கும். நமக்கு இது புதுசில்லை. 'திருச்சி'ன்னு எழுதியிருந்தா நாம எழுத்துக் கூட்டியா படிக்கிறோம்? விசிறி, சுழியெல்லாம் சேர்ந்த அந்த உருவத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுதே!

ரெண்டாவது, அளவு. கையில் இருக்கிற பலகைக்குள்ள எழுத்தைத் திணிக்கலை. முதலில் எழுத்து, அதைச் சுத்தி மூச்சு விட இடம், கடைசியாத்தான் பலகை எவ்வளவு பெரிசுங்கிற முடிவு. மூணாவது, வரைபடம். வரப்போற சந்திப்பையே எளிமையான கோடுகளா வரைஞ்சாங்க. பெரிய ரோட்டுக்குத் தடிமனான கோடு, சின்ன ரோட்டுக்கு மெலிசு.

வரைஞ்ச போர்டுகளை பூமிக்கடியில் இருக்கிற கார் நிறுத்துமிடத்திலும், ஹைட் பார்க்கில் மரத்தில் சாய்ச்சு வெச்சும் தூரத்தில் இருந்து படிச்சுப் பார்த்தாங்க. 1958 டிசம்பரில் பிரஸ்டன் பைபாஸ் திறந்தது. பிரிட்டனின் முதல் மோட்டார்வே. நீல நிறத்தில், வெள்ளை எழுத்தோட புது போர்டுகளும் அங்கேதான் முதலில் நின்னுச்சு.

மூணு பர்சென்ட் சண்டை

எதிர்ப்பு வராமல் இருக்குமா? டேவிட் கிண்டர்ஸ்லின்னு ஒருத்தர். கல்லில் எழுத்து செதுக்குறதில் பெரிய கை. "கேப்பிட்டல் எழுத்தே போதும், முனையில் சின்ன கால் வெச்சு எழுதினா இன்னும் தெளிவா தெரியும், போர்டும் இவ்வளவு பெரிசா வேண்டாம்"னு வாதாடினார். சும்மா வாய்ச்சவடால் இல்லை, தானே ஒரு எழுத்தை வரைஞ்சும் காட்டினார்.

சாலை ஆராய்ச்சிக் கூடம் களத்தில் குதிச்சது. ஒரு விமானத் தளத்தில் ஆட்களை உட்கார வெச்சு, கார் மேல போர்டை மாட்டி, அவங்களை நோக்கி ஓட்டினாங்க. யார் எவ்வளவு தூரத்தில் படிக்கிறாங்கன்னு அளந்தாங்க. ரிசல்ட்? கிண்டர்ஸ்லியோட எழுத்துதான் முன்னால நின்னுச்சு. ஆனா வித்தியாசம் சுமார் 3 சதவீதம்தான்.

இங்கேதான் மேட்டரே இருக்கு. படிக்கிறதில் ரெண்டும் கிட்டத்தட்ட சமம்னா, எது பார்க்க நல்லா இருக்குன்னு கேட்கலாம்னு முடிவாச்சு. கின்னியர் - கால்வெர்ட் எழுத்து ஜெயிச்சது. அதுக்கு 'டிரான்ஸ்போர்ட்'னு பேர்.

கவனிச்சீங்களா? அழகு மட்டும் அதை ஜெயிக்க வைக்கலை. முதலில் தூரத்துப் பரீட்சையில் பாஸ் ஆச்சு. அப்புறம்தான் அழகுப் போட்டி. முதல் பரீட்சையில் ஃபெயிலான போர்டு எவ்வளவு ஜொலிச்சாலும் குப்பைதான். பாஸான ரெண்டு போர்டில் அசிங்கமானதை எடுக்கணும்னும் சட்டம் இல்லையே!

கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போகும் பொண்ணு

மோட்டார்வே சரி, மத்த ரோடுகள்? அங்கே போர்டுகள் ஊருக்கொரு விதமாத்தான் நின்னுச்சு. 1961-ல் டிசைனர் ஹெர்பர்ட் ஸ்பென்சர், லண்டனில் இருந்து ஹீத்ரூ விமான நிலையம் போகும் வழியில் கண்ணில் பட்ட போர்டுகளையெல்லாம் போட்டோ எடுத்து ஒரு பத்திரிகையில் போட்டார். மானம் போச்சு! அதே வருஷம் வொர்பாய்ஸ் குழு அமைஞ்சு, 1963-ல் அறிக்கை தந்தது. 1965 ஜனவரி 1 முதல் நாடு முழுக்கப் புதுசு. முக்கிய ரோடுகளுக்குப் பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, ரோட்டு நம்பர் மட்டும் மஞ்சளில். சாதா ரோடுகளுக்கு வெள்ளையில் கறுப்பு. நம்பர் அடைப்புக்குறிக்குள் இருந்தா, 'இது அந்த ரோடு இல்லை, அங்கே போகும் வழி'ன்னு அர்த்தம். ஒரே ஒரு அடைப்புக்குறி எவ்வளவு பேசுது பாருங்க!

படங்களை வரைஞ்சது மார்கரெட். பழைய பள்ளிக்கூட போர்டில் தொப்பி போட்ட பையன் முன்னால போவான், பொண்ணு பின்னால வரும். மார்கரெட் அதைத் திருப்பிப் போட்டாங்க. பொண்ணு தம்பியோட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகுது. அந்தப் பொண்ணு சின்ன வயசு மார்கரெட்டேதான்! கால்நடை எச்சரிக்கை போர்டில் நிக்கிற பசு, சொந்தக்காரங்க பண்ணையில் இருந்த நிஜப் பசு. அதோட பேர் பேஷன்ஸ், அதாவது பொறுமை.

கின்னியர் 1994-ல் காலமானார். அவங்க எழுத்து இன்னும் ஓடிட்டிருக்கு. 2012-ல் பிரிட்டிஷ் அரசு தன் சேவைகளையெல்லாம் ஒரே இணையதளத்தில் கொண்டு வந்தப்போ, மார்கரெட்டும் ஹென்ரிக் குபெலும் சேர்ந்து புதுப்பிச்ச 'நியூ டிரான்ஸ்போர்ட்' எழுத்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க. ரோட்டில் வழி தேடினவங்களுக்காக வரைஞ்சது, ஃபார்ம் தேடுறவங்களுக்கும் கை கொடுக்குது.

இப்போ உங்க டர்ன்!

உங்க காம்பஸ் போர்டுகளை நாளைக்குக் கொஞ்சம் உத்துப் பாருங்க. வழி தெரிஞ்ச உங்களுக்கு அது தேவையே இல்லை. அட்மிஷன் அன்னிக்கு, கையில் ஃபைலோட, ஃபீஸ் கவுன்ட்டரைத் தேடி வெயிலில் மூணு பில்டிங் ஏறி இறங்குற ஒரு அம்மாவுக்குத்தான் தேவை. அவங்க கண்ணோட படிங்க.

அப்புறம் ஒரு சார்ட் பேப்பர், ஒரு மார்க்கர். உங்க டிபார்ட்மென்ட் போர்டை நீங்களே புதுசா வரைங்க. சுவரில் ஒட்டிட்டு, உங்க காலேஜையே பார்க்காத ஒருத்தரை சைக்கிளில் கடந்து போகச் சொல்லுங்க. அவர் தாண்டினதும், "என்ன படிச்சே?"ன்னு கேளுங்க. முழிச்சா, அவரைத் திட்டாதீங்க. பேப்பரைக் கிழிச்சுட்டு மறுபடி வரைங்க.

நான் என் ரூம்மேட்டைத் திட்டினதுக்கு லேட்டா ஒரு ஸாரி சொல்லிட்டேன். அவனும் மன்னிச்சுட்டான். ஆனா இப்பவும் பைக்கில் என் பின்னால உட்கார்ந்தா, போர்டைக் கண்டதும் ஒண்ணு மட்டும் சொல்றான்... "மெதுவா போடா!"