பாஸ் கேட்கும் படகில் கைகழுவ இடம் உண்டா?

2025 நவம்பர் 4 அன்று ஒன்றிய அரசு அறிவித்த பிரத்தியேகப் பொருளாதார மண்டல மீன்பிடி விதிகள் பற்றி நம் இதழின் நிலை என்ன என்று படகுப் பட்டறைக்காரர்கள் கேட்கிறார்கள். அணுகல் பாஸ், ரியல்கிராஃப்ட் இணையதள விண்ணப்பம், டிரான்ஸ்பாண்டர், தாய்க்கப்பல் ஏற்பாடு ஆகியவை உரிமையாளர்களும் சங்கங்களும் பேச வேண்டியவை. எல்.இ.டி. விளக்குக்கும் இரட்டைமடிக்கும் தடை போட்டதை வரவேற்கிறோம்.

காசிமேட்டு சிலிப்வேயை நம்பிப் பிழைக்கும் நமக்கு இதன் பொருள் ஒன்றுதான். 12 கடல் மைலுக்கு அப்பால் நாள்கணக்கில் தங்கும் லாஞ்சுகள் பெருகும். ஏப்ரல் 15-இல் 61 நாள் தடைக்காலம் தொடங்கியதும் ஆழ்கடலுக்கு ஏற்றபடி மாற்றித் தரச் சொல்லி வேலை குவியும். மீன் கிடங்கைப் பெரிதாக்கு, டீசல் டேங்கைக் கூட்டு என்பார்கள். அதற்கெல்லாம் இடம் ஏது? வீல்ஹவுஸுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும் அந்தச் சின்னக் கழிவறையில்தான் கை வைப்பார்கள்.

அந்த அறையைப் பற்றி ஏற்கெனவே எழுதியிருக்கிறோம். கேட்பார் இல்லாததால் மறுபடியும் எழுதுகிறோம். வாஷ்பேசின் விரிசல் விட்டால் புதிதாகப் பொருத்தச் சொல்லும் உரிமையாளர் அபூர்வம். "எடுத்துட்டு ஓட்டையை அடைச்சுடுங்க" என்பதே வழக்கமான பேச்சு. மரக்கட்டையை அறைந்து, எம்-சீல் பூசி, மேலே ஒரு கோட் பெயிண்ட் அடித்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். நீர்மட்டத்தை ஒட்டிய வடிகுழாய்த் துளைக்கு இதுவா வைத்தியம்? எஃகு ஹல் என்றால் அளவாகத் தகடு வெட்டி வைத்து முழு வெல்டிங். ஃபைபர் என்றால் 12-க்கு 1 சரிவில் சீவி, அடுக்கடுக்காக லேமினேட். இதில் பேரத்துக்கே இடமில்லை.

பேசினை மாற்றுகிறவர்களும் வடிகுழாயின் பழைய வால்வை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கடையில் வாங்கிய சாதாரணப் பித்தளை வால்வு ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். மேலே பச்சை பூத்திருக்கும். கத்தியால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். துத்தநாகம் கரைந்து போய், மிச்சமிருப்பது வெறும் பொத்தல் செம்பு. ஸ்க்ரூடிரைவர் முனை பட்டாலே உதிரும். நடுக்கடலில் அது முறிந்தால் படகுக்குள் வருவது கடல்தான். வெண்கல வால்வு போடுங்கள். ஹோஸுக்கு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் இரண்டிரண்டாக. வடிகுழாயை முடிந்தவரை நீர்மட்டத்துக்கு மேலேயே வெளியே விடுங்கள். பீங்கான் அதிர்வைத் தாங்காது, 304 உப்புக்காற்றில் புள்ளிபுள்ளியாகத் துருப்பிடிக்கும், பேசினும் 316-ஆகவே இருக்கட்டும். கழிவறைக் குழாயோடு சேர்க்க வேண்டாம். மார்போல் 4-ஆம் இணைப்பின் வரையறையில் அது கலந்த நீர் முழுதும் மலக்கழிவுக் கணக்கு.

இவ்வளவும் நம் கையில் இருப்பது. கையில் இல்லாதது ஒன்று உண்டு, அதுதான் உறுத்துகிறது.

காசிமேட்டுக்குத் தெற்கே, சென்னைத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் சரக்குக் கப்பலில் ஆறு பேருக்கு ஒரு கழிவறையும் ஒரு வாஷ்பேசினும் சட்டப்படி வேண்டும். அதை வகுக்கும் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. மீன்பிடிக் கலங்கள் அதில் சேரா. அவற்றுக்காகவே ஐ.எல்.ஓ. 2007-இல் 188-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. தளமிட்ட புதிய படகு எதுவானாலும் அதன் தொழிலுக்கு ஏற்ற கழிவறையும் வாஷ்பேசினும் வேண்டும், 24 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் நாலு பேருக்கு ஒன்று என்கிறது அது. 2017 நவம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஒரே கடல், ஒரே உப்பு. கப்பல்காரனுக்கு உள்ள உடம்பு மீனவனுக்கு இல்லையா?

2017-இல் தொடங்கிய ஆழ்கடல் படகுத் திட்டத்தில் 80 லட்ச ரூபாய்ப் படகுக்கு 70 சதவீதம் மானியம். அடுத்து வந்த பிரதமர் மீன்வளத் திட்டத்தில் படகின் மதிப்பு 1.2 கோடி. 1 லட்சம் படகுகளுக்கு இலவச டிரான்ஸ்பாண்டர் கொடுக்க 364 கோடி. படகு எங்கே நிற்கிறது என்று கரையில் தெரிய வேண்டும். ஒக்கி புயல் கற்றுத் தந்த பாடம், மறுக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் படகின் பின்பக்கம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும் தொழிலாளி கைநழுவி விழுந்தால் எந்த டிரான்ஸ்பாண்டர் சொல்லும்? நான் உடனிருந்து பார்த்த மானிய ஆய்வுகளில் எஞ்சின் எண்ணைக் குறித்தார்கள், லைஃப் ஜாக்கெட்டை எண்ணினார்கள். அந்தச் சின்ன அறையின் கதவை ஒருவர்கூடத் திறந்து பார்க்கவில்லை. உள்ளே குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்பது அதிகாரிக்கு இழுக்கா?

கதவுள்ள கழிவறை, நன்னீர் வரும் வாஷ்பேசின். அணுகல் பாஸுக்கும் மானியத்துக்கும் இவ்விரண்டையும் நிபந்தனையாக்க வேண்டும் என்பதே நம் நிலை. சிறிய லாஞ்சுக்கான மாதிரி வரைபடத்துக்கு அரசு வெகுதூரம் போக வேண்டாம். மீன்பிடிப் பயிற்சி நிறுவனமான சிஃப்நெட்டின் சென்னைப் பிரிவும் ஃபிஷரி சர்வே ஆஃப் இந்தியாவின் சென்னைத் தளமும் காசிமேட்டை ஒட்டிய ராயபுரத்தில்தான் இருக்கின்றன.

உத்தரவு வரும்வரை பட்டறைகள் காத்திருக்க வேண்டியதில்லை. அறையை இடித்துக் கிடங்காக்கும் வேலையை ஏற்காதீர்கள். ஆழ்கடல் மாற்று வேலைக்கு எழுதும் ஒவ்வொரு எஸ்டிமேட்டிலும் பேசின், வால்வு, நன்னீர்த் தொட்டி மூன்றையும் தனி வரியாகப் போடுங்கள். தடைக்காலத்தில் சிலிப்வேயில் இடத்துக்குத்தான் பஞ்சம், வேலைக்கு இல்லை. உரிமையாளர் அந்த வரியை அடித்தால், அடுத்த படகை ஏற்றுங்கள்.