கணினிக்கு எஜமானன் யார்?

2025-ம் வருஷம் அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் கம்பெனியார் நிறுத்திக் கொண்டார்கள். பதிவு செய்து கொண்டவர்களுக்கு மாத்திரம் மேற்கொண்டு தவணை கொடுத்தார்கள். அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 முதலியவை இருந்தாக வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாறிலும் வீடுகளில் நன்றாய் ஓடிக்கொண்டிருந்த கணினிகளில் எத்தனையோ ஒரே நாளில் "பழசு" ஆகிவிட்டன. அவற்றில் எந்தப் பாகமாவது கெட்டுப் போயிற்றா என்றால், இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் நாம்; மின்சாரத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள் நாம்; அதன் ஆயுளைத் தீர்மானிப்பவர் மாத்திரம் வேறொருவரா என்று கேட்கின்றோம்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் க்னூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1991-ல் பின்லாந்து தேசத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்னும் கருவை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் சேர்ந்த இயங்குதளத்தை யாரும் உபயோகிக்கலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இதை வெறும் இலவசம் என்று மாத்திரம் நினைப்பது தப்பு. விலையின்மையைவிட உரிமையே இதில் பெரிய விஷயமாகும்.

இது ஏதோ சீமைச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். டெபியனை ஆதாரமாகக் கொண்ட பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007-ல் வெளியிட்டவர்கள் சென்னை சி-டாக் ஸ்தாபனத்தாரே. அடையாறுக்கு அடுத்த ஐ.ஐ.டி. வளாகத்தில் லினக்ஸ் உபயோகிப்போர் பல வருஷம் கூடி ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்து வந்திருக்கிறார்கள். தமிழில் மெனு வேண்டுமானால் எந்த முதலாளியின் லாபக் கணக்கையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள், வந்தது. தமிழ்99 விசைப்பலகையும் அதில் வேலை செய்கிறது.

"நமக்குப் புரியுமா?" என்று சிலர் பயப்படுகின்றார்கள். கையிலுள்ள ஆண்ட்ராய்டு போனுக்கு அடியில் ஓடுவதே லினக்ஸ்தான் என்பதை அவர்கள் அறியார்கள். பகலெல்லாம் ஆபீசில் லினக்ஸ் சர்வர்களை நடத்தும் வாலிபர்களே வீட்டுக்கு வந்தால் பழைய பழக்கத்துக்கு அடங்கிக் கிடக்கின்றார்கள் என்றால், மற்றவர்களைக் குறை சொல்வானேன்?

இடைஞ்சலே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. டாலியில் கணக்கு எழுதுவோருக்குச் சிரமம் உண்டு. சில பிரிண்டர்கள் மல்லுக்கட்டும். ஆகையால் ஒரே இரவில் மாற வேண்டாம். முதலில் உங்கள் போட்டோக்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். பிறகு மின்ட், உபுண்டு முதலிய ஏதாவது ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் துவக்கிப் பாருங்கள். நிறுவும்படி நீங்கள் சொல்லாதவரை பழையது அப்படியே இருக்கும். பத்து நாள் பழகிப் பார்த்து, உங்கள் வேலை நடக்கிறதென்று தெரிந்தால் அப்புறம் நிறுவுங்கள்.

யார் சொன்னார் என்பதற்காக நம்பவும் வேண்டாம், பழக்கமில்லை என்பதற்காகத் தள்ளவும் வேண்டாம். பரீட்சித்துப் பாருங்கள். சரியென்று பட்டால், தெரிந்த வாலிபர் ஒவ்வொருவரும் அண்டை வீட்டார் ஒருவருக்காவது கற்றுக் கொடுங்கள். குப்பைக்குப் போகவிருக்கும் பெட்டியில் அந்த வீட்டுப் பிள்ளை படித்துக் கொள்ளும்.