தம்பிப் பாப்பா மேல் பழி போடாதீங்க!



லீவு விட்டால் போதும்... 'எங்கேயாவது கூட்டிட்டுப் போங்கப்பா' என்று வீட்டில் நச்சரிக்க ஆரம்பித்து விடுவீர்கள். ஆனால், போய் வந்த பிறகு சிலர் மட்டும் முகத்தை உம்மென்று வைத்திருப்பீர்கள். 'என்ன ஆச்சு?' என்று கேட்டால், 'எல்லாம் இந்தத் தம்பியாலதான்... எதையும் ஒழுங்காப் பார்க்க விடலை' என்று பதில் வரும்.

வீட்டில் 2 வயதுப் பாப்பா இருந்தால், இந்தப் புகாரும் இருக்கும். இது நியாயம்தானா? இல்லை என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு மே மாத விடுமுறையில், என் அக்கா குடும்பத்தோடு சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குக் காரில் புறப்பட்டோம். அக்கா மகள் ஏழாம் வகுப்பு. அவள் தம்பிக்கு 2 வயது. போகும் வழியில் தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை, புலிக்குகை; மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோவில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதம்... ஒரே நாளில் எல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று பட்டியல் போட்டவன் நான்தான்!

தட்சிணசித்ராவில் பழங்கால வீடுகளின் திண்ணைகளில் ஏறி இறங்கி, பையன் ஜோராக விளையாடினான். முதலைப் பண்ணையில், அசையாமல் கிடந்த முதலைகளுக்கு 'டாட்டா' காட்டினான். நேரம் போனதே தெரியவில்லை. புலிக்குகையை விட்டுவிட்டு, நேரே கடற்கரைக் கோவிலுக்கு ஓடினோம். அப்போது மணி ஒன்று. உச்சி வெயில். அவன் தினமும் சாப்பிட்டுத் தூங்கும் நேரம் அது. தரையில் உட்கார்ந்தான், பிறகு படுத்தே விட்டான். ஒரே அழுகை!

'இவனை எதுக்கும்மா கூட்டிட்டு வந்தீங்க? பாட்டி வீட்டுல விட்டிருக்கலாம்ல?' என்று அவன் அக்கா கத்தினாள். என் அக்கா ஒன்றும் பேசவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மர நிழலில் போய் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் மட்டும் அவசர அவசரமாகக் கோவிலைச் சுற்றினோம், போட்டோ எடுத்தோம்.

குட்டீஸ், இதில் தம்பியின் தப்பு என்ன? 2 வயதுப் பிள்ளைக்கு, 'எனக்கு வெயில் தாங்கலை, தூக்கம் வருது, பசிக்குது' என்று கோர்வையாகச் சொல்லத் தெரியாது. அழுகைதான் அவனுக்குத் தெரிந்த பேச்சு. 1 முதல் 2 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை என்று, உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது. அந்தத் தூக்கத்தைப் பறித்துவிட்டு, 'சமர்த்தா இரு' என்றால் எப்படி? அன்றைய நாளைக் கெடுத்தது தம்பி அல்ல. நான் போட்ட பட்டியல்!

அப்புறம் நடந்ததையும் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு, பையனை ஒரு மணி நேரம் தூங்கவிட்டோம். வெயில் தாழ்ந்ததும் அர்ச்சுனன் தபசு பாறைக்குப் போனோம். சுமார் 30 மீட்டர் நீளமுள்ள பாறை முழுக்கச் சிற்பங்கள். நாங்கள் மேலே அண்ணாந்து, தேவர்களைப் பார்த்துக் கொண்டிருந்தோம். பையன், 'ஆனை... குட்டி ஆனை' என்று கீழே கை காட்டினான். ஆமாம்... பெரிய யானையின் காலடியில் குட்டி யானைகள்! அவன் கை போன பக்கமெல்லாம் அவன் அக்காவும் பார்த்தாள். முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும், அதைச் சுற்றியிருக்கும் எலிகளையும் அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில், பால் கறக்கும்போது தன் கன்றை நக்கிக் கொடுக்கும் பசுவைப் பார்த்துவிட்டு, இரண்டு பேரும் அங்கிருந்து நகரவே இல்லை.

ஐந்து ரதத்தைப் பார்க்க நேரமில்லை. ஆனால், அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை.

திரும்பி வரும்போது என் அக்கா சொன்னாள்... 'ஸ்கூல்ல படிக்கும்போதே கடற்கரைக் கோவிலைப் பார்க்கணும்னு ஆசைடா எனக்கு. இன்னிக்கும் மரத்தடியிலயே உட்கார்ந்துட்டேன்.' காரில் யாரும் பேசவில்லை. எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவே இல்லையே!

யோசித்துப் பாருங்கள். குழந்தையோடு வெளியே போனால், யாராவது ஒருவர் வெளியில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பெரும்பாலும் அது அம்மாதான். வீட்டிலும் அவர்தான் பார்த்துக் கொள்கிறார். ஊர் சுற்றப் போன இடத்திலும் அவர்தான். இது என்ன நியாயம்?

அதனால், அடுத்த முறை கிளம்பும்போது இப்படிச் செய்யுங்கள்.

பட்டியல் போடும்போதே, 'ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்ப்பா' என்று நீங்களே சொல்லுங்கள். ஒன்று காலையில், ஒன்று மாலையில். நடுவே பாப்பாவுக்குச் சாப்பாடும், தூக்கமும்.

ஒவ்வொரு இடத்திலும் முறை வைத்துக் கொள்ளுங்கள். முதல் 20 நிமிடம் அம்மா சுற்றிப் பார்க்கட்டும். அப்பாவும் நீங்களும் பாப்பாவைப் பார்த்துக் கொள்ளுங்கள். கூழாங்கல் பொறுக்கலாம்; காக்காய்க்குப் பேர் வைக்கலாம். அழுகையை நிறுத்த மொபைலைக் கையில் திணிக்க வேண்டாம்.

கடல், குளம், கூட்டம் உள்ள இடங்களில் பாப்பாவின் கையை விடவே கூடாது. பெரியவர் இல்லாமல் நீங்கள் மட்டும் தனியாகப் பார்த்துக் கொள்ளவும் கூடாது. அப்பா, அம்மா போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி, அதன் சட்டைப் பையில் வையுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இதையும் மனப்பாடம் செய்து கொள்ளுங்கள்.

'அப்போ பார்க்காமல் விட்ட இடங்கள்?' என்றுதானே கேட்கிறீர்கள்? மாமல்லபுரத்துச் சிற்பங்கள் சுமார் 1,300 ஆண்டுகளாக அங்கேயே இருக்கின்றன. 1984ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்க்கப்பட்டு விட்டன. அவை எங்கும் ஓடிவிடாது. மத்திய தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது. இன்னொரு நாள் போய்க் கொள்ளலாம்.

ஆனால், உங்கள் தம்பிக்கு 2 வயது என்பது இந்த ஒரு வருடம்தான். அடுத்த வருடம் அவன், 'ஆனை' என்று சொல்லாமல், 'யானை' என்று சரியாகச் சொல்லிவிடுவான்.

அக்காவை மறுபடியும் கடற்கரைக் கோவிலுக்குக் கூட்டிப் போக வேண்டும். இந்த முறை ஒரே ஓர் இடம்தான். மரத்தடியில் பையனோடு உட்காரப் போவது நானும், அவன் அக்காவும்.

உங்கள் வீட்டில் மரத்தடியில் உட்காருவது யார்? இன்றைக்கே அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், குட்டீஸ்!