பூட்டிய வீட்டில் ஆறு மாதம்... ஸ்கூட்டரை எப்படி விட்டுச் செல்வது?

மகளுக்குப் பிரசவம், பேரனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று அமெரிக்கா கிளம்பும் பெற்றோரின் பட்டியலில் ஊறுகாய் முதல் மாத்திரை வரை எல்லாம் இருக்கும். கேஸ் சிலிண்டரை மூடுவது, ஃப்ரிட்ஜைக் காலி செய்வது, பால்காரரிடம் சொல்வது என எதுவும் விட்டுப்போகாது. ஸ்கூட்டருக்கு மட்டும் ஒரே ஏற்பாடுதான். பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்து, ''தம்பி, வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி விட்டுடுப்பா'' என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அக்கறையான ஏற்பாடுதான். ஆனால், வண்டிக்கு அதனால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம்.

5 நிமிட ஸ்டார்ட் என்ன செய்யும்?

பெட்ரோல் எரியும்போது புகையோடு நீராவியும் வரும். வண்டி நன்றாக ஓடி இன்ஜின் சூடேறினால் அது வெளியே போய்விடும். நின்ற இடத்திலேயே 5 நிமிடம் ஓடி அணைந்தால், சைலன்ஸருக்குள்ளும் இன்ஜின் ஆயிலிலும் ஈரமாகத் தங்கிவிடும். சைலன்ஸர் உள்ளிருந்து துருப்பிடிக்கும், ஆயிலும் கெடும். அந்தச் சில நிமிடங்களில் பேட்டரியும் சரியாக சார்ஜ் ஆகாது.

ஷட்டர் போட்ட கார் ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்வது இன்னும் ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூடிய இடத்தில் அது உயிரையே பறிக்கும்.

எனவே, வழி இரண்டுதான். ஒன்று, வாரம் ஒருமுறை 20 - 30 நிமிடம் யாராவது சாலையில் ஓட்ட வேண்டும். இல்லையென்றால், வண்டியை முறையாகத் தூங்கவைக்க வேண்டும்.

ஓட்டப்போவது யார்?

ஓட்டுபவருக்கு லைசென்ஸும், வண்டிக்கு நடப்பில் உள்ள இன்ஷூரன்ஸும் புகைச் சான்றிதழும் அவசியம். அந்தத் 'தம்பி' 18 வயது நிரம்பாத பிளஸ் டூ மாணவர் என்றால், சாவியைக் கொடுக்கவே கூடாது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சிறுவர் வண்டி ஓட்டிப் பிடிபட்டால் வண்டியின் உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுகள் வரை சிறையும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவும் 12 மாதங்களுக்கு ரத்தாகும்.

தூங்கவைப்பது எப்படி?

பெட்ரோல்: இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அதிகமானால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்க்கின் அடியில் தங்கும். பாதி காலியான டேங்க்கில் காற்று அதிகம் என்பதால், அங்கே ஈரமும் துருவும் சேர வாய்ப்பு அதிகம். அதனால் கிளம்பும் முன் புதிய பெட்ரோல் நிரப்புவது நல்லது. வெயிலில் பெட்ரோல் விரியும் என்பதால், கழுத்து வரை ஊற்றாமல் கொஞ்சம் இடம் விட வேண்டும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஃபியூல் ஸ்டெபிலைசரை அளவுப்படி சேர்த்து, சில கிலோமீட்டர் ஓட்டினால் அது இன்ஜின் வரை போய்ச் சேரும். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டி என்றால், கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோலை மட்டும் மெக்கானிக்கிடம் வடித்துவிடச் சொல்லலாம்.

டியூபைப் போட்டு வாயால் பெட்ரோல் உறிஞ்சுவது வேண்டவே வேண்டாம். கொஞ்சம் நுரையீரலுக்குள் போனாலும் ஆபத்து. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்துவைப்பதும் கூடாது. குழந்தைகள் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிடுவார்கள்.

ஆயில்: மாற்ற வேண்டிய நாள் நெருங்கியிருந்தால் திரும்பி வந்து பார்க்கலாம் என்று விடாமல், போகும் முன்பே மாற்றிவிட வேண்டும். பழைய ஆயிலில் சேர்ந்த ஈரமும் அமிலமும் மாதக்கணக்கில் இன்ஜினுக்குள் இருக்கக் கூடாது.

பேட்டரி: முழுதாக சார்ஜ் செய்து, வண்டியிலிருந்து பிரித்துவைக்க வேண்டும். கழற்றும்போது முதலில் மைனஸ் வயர், மாட்டும்போது கடைசியில் மைனஸ் வயர். சும்மா இருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். அதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் கடையில் சார்ஜ் போட ஏற்பாடு செய்யலாம்.

டயர்: மேனுவலில் சொன்ன அளவு காற்று நிரப்பி, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். தரையில் படும் டயரின் அடியில் ஒரு பலகையை வைக்கலாம்.

மூடுவது: ஈரம் உலராத வண்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடினால் துரு நிச்சயம். நன்றாகக் காயவைத்து, காற்று புகும் துணிக் கவரால் மூட வேண்டும். எலித் தொல்லை உள்ள வீட்டில் சைலன்ஸர் வாயில் துணியை அடைத்து, நுனி வெளியே தெரியும்படி விடலாம். அதை எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதி ஹேண்டில்பாரில் கட்டிவைப்பது உத்தமம்.

எங்கே நிறுத்துவது?

அப்பார்ட்மென்ட்டுகளில் பலரும் மாடிப்படிக்குக் கீழே, மின் மீட்டர் பலகைக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும், ஒரு சிறு பொறி போதும். தீப்பிடித்தால் மாடியில் இருப்பவர்கள் இறங்கித் தப்பிக்கும் ஒரே வழியும் அடைபட்டுவிடும். காற்றோட்டமான, படிக்கட்டிலிருந்து தள்ளிய இடமே சரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஊரில் இல்லாதவர்கள், தண்ணீர் ஏறாத மேடான இடமாகவும் பார்க்க வேண்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தளத்தில் நின்ற வண்டிகள் பட்ட பாடு மறக்கக் கூடியதல்ல.

இப்படி நிறுத்திய வண்டிக்குப் பக்கத்து வீட்டு உதவி வேறு வகையில் தேவை. பெட்ரோல் வாசனை வருகிறதா, தரையில் கசிவு இருக்கிறதா, எலி புகுந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்த்துச் சொன்னால் போதும்.

போகும் நாட்டிலும் இதே வேலையைப் பார்க்கலாம். பனி கொட்டும் ஊர்களில் பெட்ரோல் கோல்ஃப் கார்ட்டும் புல்வெட்டும் இயந்திரமும் வைத்திருப்பவர்கள், குளிர்காலத்துக்கு முன் ஸ்டெபிலைசர் ஊற்றி, ஆயில் மாற்றித்தான் அவற்றை ஷெட்டில் ஏற்றுவார்கள். அங்கே பனிக்காக, இங்கே மழைக்காக.

இன்ஷூரன்ஸ் தேதி முக்கியம்

வண்டி ஓடவில்லையே என்று பாலிசியைக் காலாவதியாக விடக் கூடாது. முடிந்த 90 நாள்களுக்குள் புதுப்பிக்காவிட்டால், பல வருடங்களாகச் சேர்த்த 'நோ க்ளெய்ம் போனஸ்' போய்விடும். ஆறு மாதப் பயணத்தில் இந்த 90 நாள் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். கிளம்பும் முன் தேதியைப் பார்த்து, இடையில் முடிவதாக இருந்தால் ஆன்லைனில் புதுப்பிக்க போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்வது நல்லது.

திரும்பி வந்ததும் ஜெட்லாக்கோடு சாவியைத் திருக வேண்டாம். சைலன்ஸர் துணி, வயர்கள், பிரேக், டயர் காற்று, ஆயில் அளவு, பேட்டரி ஆகியவற்றை வரிசையாகப் பார்த்த பிறகு, வெட்டவெளியில் ஸ்டார்ட் செய்யலாம். வெள்ளத்தில் நின்ற வண்டி என்று தெரிந்தால் ஸ்டார்ட் பட்டனைத் தொடாமல், தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போவதுதான் சரி. உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஒருமுறை ஸ்டார்ட் செய்தாலும் இன்ஜின் செலவு ஆயிரக்கணக்கில் போய் நிற்கும்.