மாகிஷ்மதிக் கோட்டையும் தீப்பெட்டி அட்டை இலங்கையும்



பத்து நாளாக ஒன்றும் எழுதவில்லையே, உடம்புக்கு முடியவில்லையா என்று இரண்டு மூன்று பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, முழங்கால் மட்டும் வழக்கம்போல. ஹைதராபாத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். போன இடத்தில் பேரன் என்னை ராமோஜி பிலிம் சிட்டிக்கு இழுத்துக்கொண்டு போனான். பாகுபலி செட் முன்னால் நின்று எடுத்த போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். உடனே என் கொழுந்தனாரிடமிருந்து பதில்: "ஏன் மதினி, அட்டைக் கோட்டையப் பாக்கவா அவ்வளவு தூரம் போனீங்க? ஸ்ரீவில்லிபுத்தூர்ல நிஜக் கோபுரமே இருக்கே!"

அன்றைக்கு ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டுவிட்டு விட்டுவிட்டேன். இது அவருக்கு என் நீளமான பதில். வேறொருவருக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

முதலில் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். போகும்போது எனக்கும் கொழுந்தனாரின் நினைப்புதான். டிக்கெட் விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. நான் வாங்கிய முதல் மாதச் சம்பளத்தைவிட அதிகம்! 1996இல் ராமோஜி ராவ் தொடங்கிய இடம் அது. உலகிலேயே பெரிய சினிமா ஸ்டுடியோ வளாகம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. விஜயவாடா போகும் சாலையில், ஊருக்கு வெளியே இருக்கிறது. உள்ளே ஒரு சிவப்பு பஸ்ஸில் ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். விமான நிலையம், ரயில் நிலையம், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு, எதிலும் விமானமும் இல்லை, நோயாளியும் இல்லை. ஒரே கட்டடம் முன்பக்கம் பார்த்தால் ஒன்று, பின்பக்கம் பார்த்தால் வேறொன்று. எங்களோடு வந்த சம்பந்தி அம்மாள் நம்ம ராஜபாளையத்துத் தெலுங்கில் பஸ்காரரிடம் ஏதோ கேட்டார்கள். அவர் இரண்டு தரம் திருப்பிக் கேட்டுவிட்டு இந்தியில் பதில் சொன்னார். அதை நினைத்து அன்று முழுக்கச் சிரிப்பு.

பாகுபலி செட்டுக்கு வந்ததும் பேரன் செய்த முதல் வேலை, கோட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்ததுதான். டொக் டொக் என்று சத்தம். "அம்மாச்சி, உள்ள ஒண்ணுமே இல்ல!" என்றான். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தோம். கல் மாதிரி இருந்ததெல்லாம் பிளைவுட்டும் பிளாஸ்டரும் ஃபைபரும். சாரக்கம்பிகள் தாங்கி நிற்கின்றன. முன்னால் ராஜ்யம், பின்னால் ஆணியும் பலகையும். பிள்ளைக்கு ஏமாற்றமாக இருக்குமே என்று பயந்தேன். அவனோ முன்பக்கம் இருந்ததைவிடப் பின்பக்கம்தான் அதிக நேரம் நின்றான். ராத்திரி வீட்டுக்கு வந்து படத்தை மறுபடி போட்டு, செட் எங்கே முடிகிறது, கம்ப்யூட்டர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க உட்கார்ந்துவிட்டான். எப்படிச் செய்தார்கள் என்று காட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு அதிசயம் போய்விடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அன்று ராத்திரியோடு எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது.

(வரலாறு டீச்சராக ஒரு இடைச்செருகல். மாகிஷ்மதி என்ற பெயர் கற்பனையல்ல. நர்மதைக் கரையில் அவந்தி நாட்டில் இருந்த பழைய நகரத்தின் பெயர் அது. படத்துக் கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

சுற்றி முடித்து உட்கார்ந்திருந்தபோது எங்கள் கூட்டத்திடம் ஒரு கேள்வி கேட்டேன். வாத்தியார் புத்தி போகுமா? "இந்தக் கோட்டையைக் கட்டியது யார்?" பிரபாஸ் என்றார்கள், ராஜமௌலி என்றார்கள். மருமகன் கம்பெனி பெயரைச் சொன்னார். எனக்கும் தெரியாது. பேரன்தான் போனில் தேடிப் படித்தான்: சாபு சிரில். நம்ம வால்பாறையில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர், கலை இயக்கத்துக்காக நான்கு தேசிய விருது வாங்கியவர். எந்திரனுக்கும் அவர்தான் கலை இயக்குநர். 2015லும் 2017லும் இரண்டு பாகத்தையும் தியேட்டரிலும் பிறகு டிவியிலும் எத்தனை தரம் பார்த்தோம்? அவர் பெயர் நம் வாயில் வரவில்லை. அவருக்குக் கீழே வேலை செய்த தச்சர்கள், மோல்டு எடுத்தவர்கள், பெயின்ட் அடித்தவர்கள் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதில் முதல் குற்றவாளி நான்தான். மதுரை மகாலைக் கட்டியவர் யார் என்பது ஒரு மதிப்பெண் கேள்வி. திருமலை நாயக்கர், 1636. ஒரு வருடம் ஒரு பிள்ளை "கொத்தனார்கள்" என்று எழுதியிருந்தது. சிவப்பு மையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன். வகுப்பில் படித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். இன்றைக்கு அந்த விடைத்தாள் கிடைத்தால் அரை மதிப்பெண்ணாவது போடுவேன்.

அயர்லாந்துப் பக்கம் பெல்ஃபாஸ்ட்டில் நர்ஸாக இருக்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி, என் போட்டோவைப் பார்த்துவிட்டு அவள் போய்வந்த இடத்தைப் பற்றிச் சொன்னாள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்று ஒரு டிவி தொடர், 2011இலிருந்து 2019 வரை ஓடியது. அரசர்கள், டிராகன்கள், சிம்மாசனச் சண்டை என்று நம்ம விக்கிரமாதித்தன் கதை மாதிரி. (பிள்ளைகளோடு பார்க்கிற மாதிரி இல்லை என்று அவளே எச்சரித்தாள்.) அதைப் படம் பிடித்த இடங்களில் ஒன்றை, பான்பிரிட்ஜ் என்ற சின்ன ஊரில், 2022 பிப்ரவரியில் சுற்றிப் பார்க்கத் திறந்துவிட்டார்கள். அந்த இடம் முன்பு என்ன தெரியுமா? லினன் மில்! சணல் மாதிரி ஒரு செடியின் நாரில் நூல் நூற்றுத் துணி நெய்த ஊர். மில் போனது, ஸ்டுடியோ வந்தது. "நம்ம ஊர் மில் கேட் முன்னாடி நிக்கிற மாதிரி இருந்துச்சு டீச்சர்" என்றாள்.

அங்கே அவள் அதிக நேரம் நின்றது அரியணை முன்னால் இல்லையாம், உடைகள் முன்னால். டிவியில் ஒரு நொடி வந்துபோகும் உடையில் கையால் போட்ட எம்பிராய்டரி. அதைச் செய்தவர் மிஷேல் காரகர் என்ற அம்மாள். அவர் பெயரை உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ரசிகர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

ஏனென்றால் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கும் கிளியை நினைத்துப் பாருங்கள். மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் மூக்கு. ஒரு கிளி முடிக்க நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மறுநாள் புதிதாக இன்னொன்று. தினமும், ஒருநாள் விடாமல். என் சர்வீஸில் கொடைக்கானலுக்கும் குற்றாலத்துக்கும் எத்தனை பஸ் பிள்ளைகளை அழைத்துப் போயிருப்பேன்! பதினோரு கிலோமீட்டரில் இருக்கும் ஊருக்குப் போய், அந்தக் கிளி கட்டும் கைகளை ஒருநாள் காட்ட வேண்டும் என்று தோன்றவேயில்லை. 192 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கச் சொன்னேன், நிலைகளை எண்ணச் சொன்னேன். பதினொன்று என்று எழுதினார்கள். அதோடு சரி.

ஆகவே கொழுந்தனாருக்கு என் பதில் இதுதான். நிஜக் கோபுரம் நம்மிடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது யாரும் செய்யாமல் தானாக முளைத்தது போல் நின்றுவிட்டது. அந்த அட்டைக் கோட்டையின் பின்பக்கம் போய் நின்றபோதுதான், இப்படித்தானே அதற்கும் ஒரு காலத்தில் சாரம் கட்டியிருப்பார்கள் என்று எனக்கு உறைத்தது. இப்போது பணியில் இருக்கும் என் மாணவ ஆசிரியர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். டூர் போகும் வருடத்தில் ஒரே ஒருநாளை உள்ளூருக்கு ஒதுக்குங்கள். கிளி கட்டுவதைக் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் காஸ் துணி சத்திரப்பட்டியில் எப்படித் தறியில் ஓடுகிறது என்று காட்டுங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவைப் பற்றிச் சொல்லுங்கள். நாடகக் கம்பெனிக்கு அரண்மனையும் காடும் திரையில் வரைந்தவர், பிறகு அவர் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் காலண்டராகி நம் பூஜையறைக்கெல்லாம் வந்தன. பார்த்தவர்களிடம் பெயரைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அதற்கு மதிப்பெண் போடுங்கள்.

இப்போது அந்த இன்னொருவருக்கான சேதி.

1988. ஞாயிற்றுக்கிழமை காலை தூர்தர்ஷனில் ராமாயணம். இந்தி ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் டிவி இருக்கும் வீட்டுத் திண்ணையில் தெருவே உட்கார்ந்திருக்கும். குஜராத்தில் உமர்காம் என்ற கடலோர ஊரில் செட் போட்டு எடுத்தார்கள் என்பதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. இலங்கை என்றால் இலங்கைதான். எட்டாம் வகுப்பில் ஒரு பையன், வீட்டில் தீப்பெட்டி ஒட்டுபவர்கள், அந்த அட்டையை வைத்தே ராவணன் தர்பாரைச் செய்து கொண்டுவந்தான். தூண், படிக்கட்டு, சிம்மாசனம், பத்துத் தலை. பாடம் நடக்கும்போது பெஞ்சுக்கு அடியில் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நான் அதைப் பிடுங்கி, இரண்டாக மடித்து, குப்பைத் தொட்டியில் போட்டேன். "அட்டை ஒட்டித்தான் பிழைக்கப் போறியா?" என்று கேட்டேன். அவன் அழவில்லை. அந்த மாலை தொட்டியிலிருந்து அதை எடுத்துக்கொண்டு போனான் என்று ஆயா சொன்னார்கள்.

பத்தாவதோடு நின்றுவிட்டான். கட்அவுட் வரையும் ஒருவரிடம் சேர்ந்தான். கைத்தொழில் நன்றாக வந்தது. பிறகு ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலையே சுருட்டிவிட்டது. இப்போது கிராமத்துக் கோயில் கும்பாபிஷேகங்களுக்குச் சுதை வேலையும் வர்ணமும் செய்கிறான். ஐந்தாறு வருடம் முன்பு ஒரு கோயிலில் சாரத்தின் மேல் நின்றவன், என்னைப் பார்த்ததும் கீழே இறங்கி வந்து, பெயின்ட் கையோடு "டீச்சர், வணக்கம்" என்றான். என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் விசாரித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. அவனுக்கு நினைவிருக்கிறதா என்று பார்க்கிற தைரியம் எனக்கு வரவில்லை.

தம்பி, அன்று நான் செய்தது தப்பு. நீ செய்த தூண்கள் நேராக நின்றன. அது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது.

அவன் இந்தப் பக்கமெல்லாம் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். அவன் செட்டுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள். யாரென்று உங்களுக்குத் தெரியும், பெயரை இங்கே எழுத வேண்டாம். அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். முழுப் பரீட்சை லீவுக்குப் பேரன் ராஜபாளையம் வருகிறான். மாகிஷ்மதியை அட்டையில் செய்ய வேண்டுமாம். அட்டையும் பசையும் கத்தரியும் வாங்கி வைத்துவிட்டேன். தூண் எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.